காபி சாப்பாட்டில் சேர்த்தியா?

மயிலாப்பூரில் ஒரு காபிப்பொடிக் கடைக்காரரை, எழுந்து ஒரு மணி நேரம் வரைக்கும் ஒரு சொட்டுக் காபி குடிக்க விடாமல் உட்கார வைத்தவன் நான். ஒரு நாள் இரண்டு நாள் இல்லை, ஒரு வருஷத்துக்கு மேல். வறுக்கிற மிஷின் சும்மா நின்றது. அந்த மணத்தை முகர்ந்தே எழுந்திருக்கிற ஐந்நூறு குடும்பங்கள் ஆபீசுக்குத் தாமதமாகப் போயின. கோயில் குளத்து மீன்கள் என்ன ஆச்சு என்று படிக்கட்டு வரை வந்து எட்டிப் பார்த்தன. மீன் விஷயத்தில் வேண்டுமானால் ஒரு பிடி சிக்கரி கலந்திருப்பேன். மற்றதெல்லாம் சுத்தமான கொட்டை.

இதைச் சொன்னால் ஊர் சிரிக்கிறது. சிரிக்கட்டும். ஆனால் அப்படி உட்கார்ந்திருந்த கடைக்காரர் கோதண்டபாணியே, "அப்படில்லாம் நடந்திருக்காதுவே" என்று தராசைத் துடைத்துக்கொண்டு சொன்னால் நான் எந்தக் கோர்ட்டுக்குப் போவது?

அவர் எதையுமே நம்பாதவர். நான் தொலைபேசித் துறையில் கேபிள் பிரிவில் இருந்து ஓய்வு பெற்ற நாளிலிருந்து அவர் கடை ஸ்டூல்தான் எனக்கு ஆபீஸ். தினமும் காலையில் போய் உட்கார்ந்து ஏதாவது ஒன்றை அவிழ்த்து விடுவேன். லஸ் முனையில் மெட்ரோவுக்குத் தோண்டுகிறவர்களிடம் போய், பூமிக்கு அடியில் எது எங்கே ஓடுகிறது என்று நான் யோசனை சொன்னதையும், அவர்கள் கேட்காததால்தான் வேலை இத்தனை வருஷம் இழுக்கிறது என்பதையும் சொல்வேன். அவர் முழுக்கக் கேட்பார். ஒரு இடத்திலும் குறுக்கே பேச மாட்டார். கடைசியில் தீர்ப்பு: "நடந்திருக்காதுவே." அப்புறம்தான் எனக்கு டம்ளர் வரும்.

கோதண்டபாணி அம்பாசமுத்திரம் பக்கத்துக்காரர். வாலிபத்தில் இங்கே வந்து, மாமன் கடையில் மூட்டை தூக்கி, பிறகு சொந்தமாக மிஷின் போட்டவர். கீழே கடை, மேலே வீடு. மனைவி காலமாகிவிட்டாள். ஒரே பையன் அஸ்வத். அவன் மனைவி ஸ்வர்ணலதா, கோவில்பட்டிப் பெண், பி.காம். கல்யாணமாகி வந்த புதிதில் கல்லாவில் உட்காருவாள் என்று நினைத்தார்கள். இரண்டாவது வாரமே அவள் கடையின் நாக்கு ஆகிவிட்டாள்.

அந்தக் கடையில் ஒரு வழக்கம் உண்டு. விடிகாலையில் அன்றைய கொட்டையை வறுத்து, ஒவ்வொரு கலவையிலும் ஒரு கரண்டி அரைத்து, பித்தளை ஃபில்டர்களில் டிகாக்ஷன் இறக்க வேண்டும். பால் கிடையாது, சர்க்கரை கிடையாது. அதை ஒருவர் ருசி பார்த்து 'சரி' என்று சொன்ன பிறகுதான் ஷட்டர் முழுசாக ஏறும். முதலில் கோதண்டபாணியின் மாமன் பார்த்தார், பிறகு இவர் பார்த்தார். ஒரு நாள் லதா விளையாட்டாக ஒரு வாய் குடித்துவிட்டு, "மாமா, பீபெரி அடியில கருகியிருக்கு" என்றாள். வறுக்கிற டிரம்மைத் திறந்து பார்த்தால் அடியில் அந்த உருண்டைக் கொட்டை ஒரு கைப்பிடி கருகல். அன்றிலிருந்து முதல் டம்ளர் அவளுக்கு. மாமனாரே ஆற்றி, இரண்டு கையாலும் பிடித்து நீட்டுவார், பிரசாதம் கொடுப்பதுபோல. அவள் நாக்கில் பட்டால் கொட்டை விளைந்த மலையின் பெயர், பறித்தவரின் ஊர், மூட்டை தைத்த சணல் எல்லாம் தெரியும் என்று நான் வாடிக்கையாளர்களிடம் சொல்வேன். "சணல் நடந்திருக்காது," என்பார் கோதண்டபாணி. "மித்ததெல்லாம் உண்டு." அவர் ஒப்புக்கொண்ட ஒரே புளுகு அது.

கல்யாணமான மறு வருஷம் மார்கழியில் லதா இரண்டு நாள் கீழே இறங்கவில்லை. கேட்டதற்கு, "காய்ச்சல்" என்றார் கோதண்டபாணி. என் மனைவி ஜானு ரசம் எடுத்துக்கொண்டு மேலே போய் வந்தவள் என்னைச் சமையலறைக்குள் இழுத்தாள்.

"காய்ச்சல் இல்லைன்னா. கலைஞ்சுடுத்து. ரெண்டரை மாசம்."

"அவர் காய்ச்சல்ங்கறாரே?"

"அவருக்குச் சொல்ல வரலை. நீங்க போய் எதையாவது அளக்காதீங்கோ."

நான் அளக்கவில்லை. என் வாழ்க்கையில் அளக்காமல் இருந்த அபூர்வமான சந்தர்ப்பங்களில் அது ஒன்று.

அடுத்து வந்த ஐப்பசி மழையில், மாட வீதியில் முழங்கால் தண்ணீர் நின்ற வாரத்தில், இன்னொன்று போயிற்று. அதற்கு நடுவில் ஓர் ஆழ்வார்பேட்டை டாக்டர் லதாவுக்குத் தைராய்டு சுரப்பு குறைவு என்று கண்டுபிடித்துத் தினம் ஒரு மாத்திரை எழுதியிருந்தார். "காலையில வெறும் வயித்துல" என்றார். அவள் ஒரு நாளும் தவறவிடவில்லை. அப்படியும் போயிற்று. இந்த முறை கடையில், "வயிறு சரியில்ல, ஓட்டல்ல எதையோ தின்னுட்டா" என்று சொல்லப்பட்டது. மழையில் நனைந்து வந்திருந்த ஒருவருக்குப் பொடி நிறுத்துக்கொண்டே கோதண்டபாணி அதைச் சொன்னார். முள் நடுவில் நிற்கவில்லை, இரண்டு தரம் போட்டு எடுத்தார்.

லதா ஆஸ்பத்திரியிலிருந்து வந்த நாலாம் நாளே விடிகாலையில் இறங்கி வந்துவிட்டாள். அன்று நான் ஸ்டூலில் இருந்தேன். டம்ளரை வாங்கினாள், குடித்தாள். "சிக்கரி தூக்கலா இருக்கு," என்றாள். அவ்வளவுதான் பேச்சு.

பிறகு அவள் ஒரு காரியம் செய்தாள். டாக்டர்களை ருசி பார்க்க ஆரம்பித்தாள்.

அஸ்வத் நல்ல பையன். ஆனால் அப்பாவுக்கும் மனைவிக்கும் நடுவில் நிற்க வேண்டி வந்தால் கிடங்கில் மூட்டை எண்ணப் போய்விடுவான். அதனால் துணைக்கு ஜானு போனாள். ஜானு போனால் நான் இல்லாமலா? ஆட்டோ பிடிக்க, ஃபைலைத் தூக்க, காத்திருக்கிற இடத்தில் மின்விசிறி போடச் சொல்லிச் சண்டை பிடிக்க.

ஆழ்வார்பேட்டை டாக்டர் ஃபைலைப் பார்த்தபடியே, "சின்ன வயசுதானே, இதெல்லாம் சகஜம், அடுத்ததுல பார்த்துக்கலாம்" என்றார். லதாவின் முகத்தை ஒரு தடவையாவது பார்த்தாரா என்று நாங்கள் வெளியே வந்து விவாதித்தோம். பார்க்கவில்லை என்று மூன்று ஓட்டில் முடிவாயிற்று. தி. நகரில் ஓர் இடம், மாடி முழுக்கக் குளிர்சாதனம், சுவர் முழுக்கக் கொழுகொழுக் குழந்தைகள். அந்தப் படங்களுக்கு எதிரிலேயே நாற்காலி போட்டிருந்தார்கள். ஜானு எழுந்து, லதாவின் நாற்காலியைத் திருப்பி ஜன்னல் பக்கமாகப் போட்டாள். உள்ளே போனதும் எடுத்த எடுப்பில் சோதனைக்குழாய்க் குழந்தைக்கு என்றைக்கு வருகிறீர்கள் என்றுதான் கேட்டார்கள்.

"எனக்குத் தரிக்கதுல கஷ்டமில்ல டாக்டர், தங்கலங்கதுதான் கஷ்டம். அது ஏன்னு பாக்கணும்," என்றாள் லதா.

"அதெல்லாம் நாங்க பார்த்துப்போம்மா," என்றார்கள்.

அடையாறில் மூன்றாவது ஒருவர். ரத்தப் பரிசோதனைத் தாளை எடுத்துப் பார்த்து, மாத்திரையின் அளவைக் கூட்டினார். மறுபடி பரிசோதனை, மறுபடி கூட்டல். மூன்றாவது தடவை தாளை மேஜையில் போட்டு, "நீ ஒழுங்கா மாத்திரை போடறியா, இல்ல தூக்கிப் போடறியா?" என்று கேட்டார்.

வரும் வழியில், மந்தைவெளி தாண்டிய பிறகு, லதா ஜானுவிடம், "ஒரு நாள்கூட விடல மாமி. ஆஸ்பத்திரியில இருந்தப்பக்கூட கேட்டு வாங்கிப் போட்டேன்," என்றாள்.

"எனக்குத் தெரியும்டீ."

"அவங்க என்னைத் திருடியப் பாக்க மாதிரி பாக்காங்க மாமி."

அதற்குப் பிறகு ரத்தம் கொடுக்கப் போகிற இடத்தில் வரிசையில் இருக்கிற பெண்களிடம் அவள் ஒரே ஒரு கேள்வி கேட்க ஆரம்பித்தாள். எந்த டாக்டர் கெட்டிக்காரர், எந்த டாக்டர் கைராசி என்றெல்லாம் இல்லை. "உங்க டாக்டர் உங்ககிட்ட கேள்வி கேப்பாங்களா?" என்று கேட்டாள். பலரும் யோசித்துவிட்டு உதட்டைப் பிதுக்கினார்கள். ராயப்பேட்டையிலிருந்து வந்த இரண்டு பேர், ஒருவரையொருவர் தெரியாதவர்கள், ஒரே பதிலைச் சொன்னார்கள்: "அய்யோ, வஜீஹா மேடமா? கேட்டே கொன்னுடும்."

"அங்க போவோம் மாமி," என்றாள் லதா. ஹார்மோன் வைத்தியத்துக்கென்றே தனியாகப் படித்த டாக்டர் என்பது பிறகுதான் தெரிந்தது.

எங்களுக்கு வழக்கமாக வண்டி ஓட்டுகிற காஷிஃபின் ஆட்டோவில் போனோம். ராயப்பேட்டை நெடுஞ்சாலை மெட்ரோ தடுப்புகளால் பாதியாகிக் கிடந்தது.

"இன்னா சார், உன் சிஷ்யனுங்க இன்னும் தோண்டிக்கினே கீறானுங்க?"

"நான் சொன்னதைக் கேட்டிருந்தா போன வருஷமே ரயில் ஓடியிருக்கும்."

"ஓடி, நேரா உன் ஊட்டாண்ட வந்து நின்னுருக்கும்! குந்து சார், பள்ளம் வர்து. அக்கா, கெட்டியா புட்ச்சுக்கோ. மெதுவாதான் போறேன்."

மாடியில் இரண்டு அறை. பழைய கட்டடம், சுவரில் குழந்தைப் படம் ஏதும் இல்லை. டாக்டர் வஜீஹாவுக்கு ஐம்பது வயது இருக்கும். தலைமேல் துப்பட்டா, மூக்குநுனியில் கண்ணாடி. ஃபைலை வாங்கி, திறக்காமல் ஓரமாக வைத்தார்.

"ஃபைல் அப்புறம் பார்க்கறேன். நீங்க சொல்லுங்க. எத்தனை தடவை கர்ப்பம்?"

லதா திரும்பி ஜானுவைப் பார்த்தாள். இதுவரை எல்லோரும், 'குழந்தை இருக்கா?' என்றுதான் கேட்டிருந்தார்கள்.

"ரெண்டு."

"முதல் தடவை எத்தனை வாரம்? அப்போ என்ன ஆச்சு? மெதுவா சொல்லுங்க, அவசரமில்ல."

லதா சொன்னாள். டாக்டர் எழுதினார். இரண்டாவதுக்கு ஸ்கேனில் நெஞ்சுத் துடிப்பைப் பார்த்ததைச் சொன்னபோது குரல் உடைந்தது. டாக்டர் பேனாவை வைத்துவிட்டுக் காத்திருந்தார். தண்ணீர் நகர்த்தி வைத்தார். பிறகு தூக்கம், முடி உதிர்வது, மாத விலக்கு, அம்மாவுக்கு என்ன, பெரியம்மாவுக்கு என்ன என்று ஒரே கேள்வி மயம். எனக்கே அவர் ஒரு கேள்வி கேட்டால் தேவலை என்று இருந்தது.

"மாத்திரை எப்போ போடறீங்க?"

"காலையில எந்திரிச்சதும். வெறும் வயித்துல."

"அதுக்கு முன்னாடி, பின்னாடி?"

"டிபன் எட்டரைக்குதான் டாக்டர். அதுவரைக்கும் ஒண்ணும் சாப்பிட மாட்டேன்."

"நிச்சயமா?"

"நிச்சயமா," என்றாள் லதா. ஜானுவும் தலையாட்டினாள். நானும் ஆட்டினேன். மூன்று பேரும் நெஞ்சில் கை வைத்துச் சத்தியம் செய்திருப்போம். ஒருவரும் பொய் சொல்லவில்லை.

டாக்டர் தாள்களைப் புரட்டினார். "அளவு கூட்டிக்கிட்டே வந்திருக்காங்க, ஆனா உள்ளே போனதாவே தெரியலையே..." என்று தனக்குள் முனகினார்.

அறையில் அமைதி. எனக்கு அமைதி ஆகாது. பெண்ணைத் திருடி என்று இவரும் நினைத்துவிடப் போகிறாரே என்கிற பதைப்பு வேறு. அவள் பெருமையைக் கொஞ்சம் எடுத்துவிட்டேன்.

"டாக்டர், இவளை லேசா நினைச்சுடாதீங்கோ. மயிலாப்பூரே இவ நாக்குலதான் முழிச்சுக்கறது. கார்த்தால அஞ்சு மணிக்கு நாலு விதமான டிகாக்ஷனை வெறும் நாக்கால எடை போட்டுச் சொல்லுவா. இவ சரின்னு சொன்னாத்தான் கடையே திறக்கும். இவ ஒரு நாள் படுத்துண்டா கபாலி கோயில்ல நாகஸ்வரம் சுருதி இறங்கிடறது!"

"ஏன்னா..." என்று ஜானு என் தொடையில் கிள்ளினாள்.

டாக்டர் கண்ணாடியைக் கழற்றினார். "நாகஸ்வரம் இருக்கட்டும். எத்தனை மணிக்கு?"

"அஞ்சு மணிக்கு," என்றேன்.

"நாலு டிகாக்ஷன்." லதாவிடம் திரும்பினார். "மாத்திரை எதோட முழுங்கறீங்க?"

லதா விழித்தாள். "அந்த... முதல் டம்ளரோடதான் டாக்டர். கையில இருக்கும்லா."

"தினமும்?"

"தினமும். சத்து மாத்திரையும் சேத்து. வெறும் வயித்துல."

"காபி குடிச்சா அது வெறும் வயிறாம்மா?"

இதற்கு ஜானு பதில் சொன்னாள், நிஜமாகவே புரியாமல். "காபி சாப்பாட்டில் சேர்த்தியா டாக்டர்? ஏகாதசி உபவாசத்துக்கே உண்டே!"

டாக்டருக்குச் சிரிப்பு வந்துவிட்டது. வாயைப் பொத்திக்கொண்டார். உடனே சிரிப்பை விழுங்கி, லதாவின் பக்கம் நாற்காலியை இழுத்துப் போட்டார்.

"இந்த மாத்திரை ரொம்ப ரோஷக்காரி. தண்ணியோட மட்டும்தான் போகும். காபியோட, சத்து மாத்திரையோட போனா உடம்புல ஒழுங்கா ஏறாது. எழுந்ததும் தண்ணியோட முழுங்கணும். அப்புறம் ஒரு மணி நேரம் வேற எதுவும் கிடையாது. காபியும்தான். சத்து மாத்திரை மத்தியானத்துக்கு மேல."

லதா மெதுவாகக் கேட்டாள். "அப்ப நான்தான் டாக்டர் காரணமா?"

"இல்ல. நீங்க சொன்னபடி செஞ்சீங்க. சொன்னவங்க சரியாச் சொல்லல, கேட்கவும் இல்ல. இன்னொண்ணு, ரெண்டும் போனதுக்கு இதுதான் காரணம்னு நான் சொல்ல மாட்டேன். எனக்குத் தெரியாது. இன்னும் சில பரிசோதனை எழுதறேன், மகப்பேறு டாக்டர் ஒருத்தர்கிட்டயும் அனுப்பறேன், அவங்களும் கேட்பாங்க. ஆனா இந்த அளவு சரியாகிற வரைக்கும் அடுத்ததுக்கு அவசரப்பட வேண்டாம். மறுபடி உண்டானா அன்னைக்கே எனக்குப் போன் பண்ணுங்க. அப்போ அளவை மாத்தணும்."

படியில் இறங்கும்போது லதா நடுப்படியில் உட்கார்ந்துவிட்டாள். அழுதாள். ஜானு பக்கத்தில் உட்கார்ந்துகொண்டாள். மேலே ஏற வந்தவர்கள் ஒதுங்கிப் போனார்கள். கொஞ்ச நேரம் கழித்து மூக்கைத் துடைத்துக்கொண்டு, "ரெண்டுன்னு எழுதினாங்க மாமி, பாத்தீங்களா?" என்றாள்.

கடைக்கு வந்ததும் நான் சும்மா இருக்கவில்லை. படியேறுவதற்கு முன்பே, "கோதண்டபாணி! பிடிச்சுட்டேன்! மூணு டாக்டர் கோட்டை விட்டதை என் வாயால பிடிச்சுட்டேன்!" என்று ஆரம்பித்து, நாகஸ்வரம் உட்பட எல்லாவற்றையும் கொட்டினேன். கடையில் வேறு ஆள் இல்லை. அஸ்வத் கிடங்கு வாசலில் நின்றான்.

கோதண்டபாணி முழுக்கக் கேட்டார். முகம் மட்டும் வழக்கம்போல இல்லை.

"நடந்திருக்காதுவே."

"டாக்டரே சொன்னார் ஓய்!"

"காப்பியால ஒரு கெடுதல் வந்துச்சுன்னு எவனும் எங்கிட்ட சொல்லக்கூடாது. எத்தன தலமொற குடிக்கி! மாத்திர போலியா இருக்கும். நீரு ஒண்ணுக்கு ஒம்பதாச் சொல்லுதவரு."

"சார் சொல்றது நிசம் மாமா," என்றாள் லதா.

"நீ மேல போம்மா. அலைஞ்சுட்டு வந்திருக்க."

"போகல." அவள் கல்லா மேஜையைப் பிடித்துக்கொண்டு நின்றாள். "மாமா, மொதத் தடவ எல்லார்ட்டயும் எனக்குக் காய்ச்சல்னு சொன்னீங்க. அடுத்த தடவ ஓட்டல்ல தின்னுட்டான்னு சொன்னீங்க. நான் எந்த ஓட்டல்ல மாமா தின்னேன்?"

"ஊருக்கெல்லாம் சொல்லிக்கிட்டா இருக்கணும்? நாள் தள்ளிப் போச்சு, கலைஞ்சுது. உருவாகாததுக்குப் போயி..."

"நெஞ்சு துடிச்சுது மாமா. ஸ்கேன்ல பாத்தேன். நானும் உங்க மகனும் பாத்தோம்."

கோதண்டபாணி மகனைப் பார்த்தார். அஸ்வத் கிடங்குக்குள் போய்விடுவான் என்று நான் நினைத்தேன். போகவில்லை.

"ஆமாப்பா," என்றான். "பாத்தோம். நான் உங்ககிட்ட சொல்லல. நீங்க கேக்கவும் இல்ல."

"என்னத்தக் கேக்க?" என்றார் கோதண்டபாணி. குரல் கீழே போயிருந்தது.

"நாலாம் நாள் டம்ளரக் கையில குடுத்தீங்க," என்றாள் லதா. "குடிச்சுட்டு சிக்கரி தூக்கலுன்னேன். உடனே போய்ச் சிக்கரியக் கொறச்சீங்க. எனக்கு எப்படி இருக்குன்னு ஒரு வார்த்த கேக்கல. டாக்டரம்மா இன்னைக்கி ரெண்டுன்னு எழுதுனாங்க மாமா. இந்த வீட்டுல ஒண்ணுமே இல்லன்னுதான இருக்கு?"

அவர் தராசுத் தட்டை எடுத்துத் துடைத்தார். துடைத்த தட்டையே மறுபடி துடைத்தார்.

"தெனமும் அந்த டம்ளரக் குடுத்தது ஆருவே?" என்று என்னைக் கேட்டார். "எங்கையிதான? ஆத்தி ஆத்திக் குடுத்தேன். நீரு சொல்லுதது நடந்திருந்தா, அப்ப என்ன அர்த்தம்?"

"மாமா, உங்கமேல குத்தம்னு சொல்ல வரல. காரணம் தெரியாதுன்னுதான் டாக்டரே..."

"அதனால நடந்திருக்காது," என்று சொல்லிவிட்டுச் செருப்பை மாட்டிக்கொண்டு குளத்துப் பக்கம் போய்விட்டார்.

மறுநாள் காலை நான் கடைக்குப் போகும்போது தெருவே சரியில்லை. என்னவோ குறைகிறது. கோலம் இருக்கிறது, பால்காரர் இருக்கிறார், பூக்காரி இருக்கிறாள். மூலை திரும்பிய பிறகுதான் புரிந்தது, மணம் இல்லை. கடை பாதித் திறந்திருந்தது. டிரம் சில்லென்று கிடந்தது. கோதண்டபாணி காலி டம்ளரை முன்னால் வைத்துக்கொண்டு சுவர்க் கடிகாரத்தைப் பார்த்தபடி உட்கார்ந்திருந்தார். எதிரே லதா, அதே கடிகாரத்தைப் பார்த்துக்கொண்டு. பக்கத்தில் ஒரு சொம்புத் தண்ணீர். படியில் அஸ்வத், தூங்கி வழிந்துகொண்டு.

"என்ன ஓய், மிஷின் ரிப்பேரா?"

"கரண்டு இல்ல," என்றார். தலைக்கு மேல் மின்விசிறி சுற்றிக்கொண்டிருந்தது.

ஒரு மணி நேரம் ஆனதும் எழுந்தார். மிஷினைப் போட்டார். வறுத்து, அரைத்து, இறக்கி, முதல் டம்ளரை லதாவிடம் நீட்டினார். அவளுக்குப் பிறகுதான் மகன் குடித்தான், கடைசியில் அவர் குடித்தார். அதற்குள் வாசலில் கூட்டம். அத்தனை பேருக்கும் கரண்டு இல்லை என்றே சொன்னார்.

அடுத்த நாளும் அப்படியே. பங்குனித் திருவிழாவில் அறுபத்து மூவர் தெருவை அடைத்துக்கொண்டு வருகிற நாள், மோர்ப் பந்தல்காரர்கள்கூட அவரிடம் காபி கேட்டு நிற்கிற நாள், அன்றும் அப்படியே. விழித்தது முதல் டம்ளர் கையில் இருந்தே பழகிய மனுஷர் அவர். முதல் வாரம் தலைவலியில் நெற்றியில் ஈரத்துணி கட்டிக்கொண்டு உட்கார்ந்திருந்தார். லதா, "நீங்க குடிங்க மாமா, எனக்கு ஒண்ணுமில்ல" என்று எத்தனையோ தடவை சொன்னாள். "எனக்கு இப்பல்லாம் காலையில பிடிக்கல" என்பார். நான் இந்த அதிசயத்தை ஊரெல்லாம் பரப்பினேன். கேட்டவர்கள் அவரிடமே வந்து விசாரித்தார்கள். என் பெயரைச் சொல்லி, "கல்யாணராமன் சொல்லுததா? நடந்திருக்காது," என்றார்.

ஆடியில் லதாவின் ரத்தத்தில் அளவு சரியாக வந்துவிட்டது. டாக்டர் வஜீஹா, "இப்போ உள்ளே போகுது," என்றார். மற்ற பரிசோதனைகளில் பயப்பட ஒன்றும் இல்லை. மழைக்காலத்தில் ஒரு நாள் ஜானு என்னிடம் விஷயத்தைச் சொல்லிவிட்டு, "வாயைத் திறந்தேளோ, காபி கிடையாது," என்று முடித்தாள். அன்றைக்கே லதா டாக்டருக்குப் போன் செய்திருந்தாள், மாத்திரையின் அளவு மாறியது. காபியும் குறைந்தது. நாளுக்கு ஒரு சின்ன டம்ளர். ருசி பார்ப்பது வாயில் வைத்துத் துப்புவதோடு சரி.

"காப்பியத் துப்புததா?" என்று கோதண்டபாணி திடுக்கிட்டார். மறுநாள் அவரே ஒரு புது எவர்சில்வர் கிண்ணம் வாங்கி வந்து டம்ளருக்குப் பக்கத்தில் வைத்தார்.

முதல் கர்ப்பம் கலைந்த வாரக் கணக்கு வந்தது, போயிற்று. இரண்டாவது கலைந்த வாரக் கணக்கு வந்தது. அந்த வாரம் முழுக்க லதா மாடிப்படியில் ஏறி இறங்கும்போது அவர் செய்கிற வேலையை நிறுத்திவிட்டுக் காது கொடுத்துக்கொண்டிருந்தார். நானும் கதை சொல்லவில்லை. அந்த வாரமும் போயிற்று.

போன வாரம் நடந்தது கடைசி. சித்திரை வெயில், காலை எட்டு மணிக்கே தார் மணக்கிறது. அடையாறிலிருந்து ஒரு அம்மாள், கடைக்குப் புதியவர், காரை எங்கேயோ நிறுத்திவிட்டு வியர்க்க விறுவிறுக்க வந்தார். பொடி அரைபடுகிற நேரத்தில் நான் சும்மா இருப்பேனா? இந்தக் கதையின் முதல் பத்தியை எடுத்துவிட்டேன். மீன் வரைக்கும்.

அம்மாள் சிரிசிரியென்று சிரித்தார். "ஒரு வருஷமா? காபிக் கடைக்காரரா? சார், கொஞ்சம் நம்பற மாதிரி சொல்லக்கூடாதா? ஏங்க, இவர் சொல்றது நெஜமா?"

கோதண்டபாணி தராசில் பொடியைக் கொட்டிக்கொண்டிருந்தார். லதா பாக்கெட்டை மடித்து ஒட்டி நீட்டினாள். அந்த அம்மாளின் கண் அவள் வயிற்றில் போய் நின்றது. ஆறு மாதம், நன்றாகத் தெரிந்தது.

"அடடே! தலைச்சனாம்மா?"

இந்த மாதிரிக் கேள்விக்கு அவள் தயாராக ஒரு பதில் வைத்திருந்தாள். தினமும் யாராவது கேட்கிறார்கள். 'ஆமாம்' என்று சொல்லிவிட்டு மீதிச் சில்லறையை எண்ணுவாள். அன்றும் வாயைத் திறந்தாள்.

"இல்லம்மா," என்றார் கோதண்டபாணி. தராசிலிருந்து தலையை எடுக்கவில்லை. "மூணாவது."

லதாவின் கை கல்லாப் பெட்டிக்குள்ளேயே நின்றது.

"அப்படியா! பெரியவங்க ரெண்டு பேரும் ஸ்கூல்ல இருக்காங்களா?"

"இல்ல. தங்கல. ஒண்ணு மார்கழியில, ஒண்ணு அடுத்த ஐப்பசி மழையில." பொடியைத் தட்டி முள்ளை நடுவில் நிறுத்தினார். "இதுக்கு மூத்ததுக ரெண்டு."

அந்த அம்மாளின் சிரிப்பு அடங்கியது. லதாவின் கையை ஒரு தரம் அழுத்திவிட்டு, "உடம்பைப் பார்த்துக்கோம்மா," என்றார். பாக்கெட்டை வாங்கிக்கொண்டு வெயிலில் இறங்கினார்.

நான் மூச்சை உள்ளே இழுத்தேன்.

"ஓய், வாயத் தொறக்காதீரும்," என்றார் கோதண்டபாணி. "கொளத்து மீன் வந்து எட்டிப் பாக்கல. அது பொய்யி. நான் காப்பி குடிக்காம உக்காந்திருந்தது நடந்துச்சு. போதுமா?"

தராசுத் தட்டைத் துடைக்க எடுத்தவர், துடைக்காமலே கீழே வைத்தார். மருமகள் பக்கம் திரும்பினார்.

"நீ அன்னைக்கிச் சொன்னதும் நடந்துச்சும்மா. ரெண்டும்தான். நடந்துச்சு."